தலை இருக்கிறது, கை எங்கே?

கண்ணு,

நீ வெள்ளிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அதனால் இங்கே மலைமேல் இருக்கும் தபால் பெட்டியை நம்பாமல் சேலத்துக்கே இறங்கிப் போய்ப் போடப் போகிறேன். ஐந்தாம் வகுப்பு படித்தவளின் எழுத்து. படிக்கச் சிரமமாக இருந்தால் உன் மனைவியைச் சத்தமாக வாசிக்கச் சொல். அவளும் கேட்கட்டும், உன்னோடு அந்த ஆபீசில் வேலை செய்கிறவர்களும் கேட்கட்டும். மறைத்தது போதும், பதினெட்டு வருசம் மறைத்தாகிவிட்டது. பேத்தியின் காதுகுத்துக்கு வந்துவிட்டு பெங்களூரிலிருந்து திரும்பிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.  ஏன் என்று எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லோரும் கேட்கிறார்கள். உன்னிடம் சொல்லாமல் அவர்களிடம் சொல்ல முடியாது.

காதுகுத்துக்கு மறுநாள் நீ ஒரு செல்போனைக் கொண்டுவந்து காட்டினாயே, அதிலிருந்துதான் ஆரம்பித்தது. மற்ற செல்போன்களில் தலைமேல் கொம்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இதில் கொம்பே இல்லை, வழவழவென்று சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. "ஆன்டெனா எங்கடா?" என்று கேட்டதற்கு முதுகுப்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினாய். தீப்பெட்டி அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு, கோலம் போட்ட மாதிரி மடிந்து மடிந்து போயிருந்தது. மூன்று வருசமாக நீ செய்த வேலை அதுதான் என்றாய். "அலைக்குன்னு ஒரு நீளம் இருக்குதும்மா. அதுக்குத் தோதான நீளத்துல கம்பி இருந்தாத்தான் பேச்சு வெளிய போகும். அந்த நீளத்தத்தான் மடிச்சு மடிச்சு இதுக்குள்ள அடக்கியிருக்கறேன்" என்றாய். மடித்து என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. நீ கவனிக்கவில்லை. அந்தச் சந்தோசத்தில் நீ எதைத்தான் கவனிப்பாய்.

பிறகு மூடியை மாட்டி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாய். உன் கையில் சிக்னல் நாலு கோடு தெரிந்தது. உன் மனைவி பிடித்தாள், நாலு கோடு. சம்பந்தியம்மா இரண்டு விரலால் பலகாரம் எடுப்பது மாதிரி பிடித்தார், அதிலும் நாலு. (உன் கல்யாணத்தில் என்னை மூன்றாவது வரிசையில் உட்கார வைத்ததை நான் மறக்கவில்லை என்று அவரிடம் சொல்.) கடைசியாக நான் வாங்கினேன். நான் எதையும் முழுக்கையால்தான் பிடிப்பேன். காப்பிச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடித்த கை, பெருவிரல் இனி நிமிராது. புதுப்பொருள், விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். நாலு கோடு மூன்றாகி, ஒன்றாகி, ஒன்றுமில்லாமல் போனது.

"அத்தன இறுக்கமா யாரும்மா புடிப்பாங்க? அது என்ன, ஓடியா போயிரும்?" என்று சிரித்தாய். உன் மனைவி, "அத்தை, கீழாகப் பிடிங்க, மேல் பக்கத்தை மூடாதீங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். நல்ல பெண்தான், குறை சொல்லவில்லை. கீழாகப் பிடித்தேன், கோடு வந்தது. எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்கு மட்டும் காதுக்குள் உன் அப்பா மரத்திலிருந்து விழுந்த சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத நேரத்தில் உன் ஆபீசைக் காட்டினாய். சுவர், கூரை, தரை எல்லாம் நீல நிறத்தில் பஞ்சுக் கூம்புகள் ஒட்டிய அறை ஒன்று. உள்ளே போய் உன்னைப் பார்த்து "சாமி" என்றேன். என் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துப் போன மாதிரி இருந்தது. உன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அறையின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தலை, கண்ணும் மூக்கும் வைத்து. அதற்குள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்றாய். மனுசத் தலை அலையை எவ்வளவு குடிக்குமோ அவ்வளவு குடிக்குமாம். அதன் காதில் உன் செல்போனைப் பொருத்திச் சுற்றவிட்டு அளக்கிறீர்கள்.

"தல இருக்குது. கை எங்க?" என்று கேட்டேன்.

"தலைக்குத்தாம்மா விதி இருக்குது. கைக்கு யாரும் விதி எழுதல."

"அப்ப இந்தத் தல எதுலடா செல்போனப் புடிச்சிருக்குது?"

"பிளாஸ்டிக் கிளிப்பும்மா" என்றாய். சொல்லிவிட்டு ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாய். பிறகு, "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாம்போயிக் காட்டுறப்ப செல்போன் கம்பெனிக்காரங்க இதப் பாத்துச் சரின்னு சொல்லிட்டா அச்சு வெட்டிருவாங்க. அப்புறம் ஒரு நூல் நகத்த முடியாது. இப்பப் போயி கையி, காலுன்னு ஆரம்பிச்சா இன்னும் எட்டு மாசம் ஆகும்" என்றாய். அந்த ஒரு நிமிசம் நீ என்னைப் பார்த்தாயே, அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உனக்கு அப்போது பதினோரு வயசு. கிளியூர்ப் பக்கம் நாம் இருந்த எஸ்டேட்டுக்கு இரண்டு வயர்லெஸ் செட் வந்தது. ஒன்று ஆபீசில் கணக்கு எழுதுகிற ரைட்டர் மேசைமேல். இன்னொன்று மேஸ்திரியான உன் அப்பாவுக்கு. அப்பா மிளகு பறிக்க மரமேறுகிறவர். செட்டை மாட்டிக்கொண்டு ஏற முடியாது. அதனால் அது என் தோளில் தொங்கும். செங்கல் கனம், தலையில் ஒரு முழம் நீளத்துக்குக் கம்பி. அந்தக் கம்பி காப்பிச் செடிக்குள் நுழைந்தால் கொப்பில் மாட்டும், விட்டால் விர்ரென்று திரும்பி முகத்தில் அடிக்கும், ஒருமுறை கண்ணுக்கு ஒரு விரல்கடை தள்ளிக் கிழித்தது. ரைட்டர் வேறு தினமும் செட்டைக் கொடுக்கும்போதே, "கம்பி ஒடிஞ்சுது, உன்னையத்தான் கேப்பேன், ஆமா" என்று சொல்லித்தான் கொடுப்பார். அந்த ஆள் பேச்சே எனக்குப் பிடிக்காது. நான் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே "கைநாட்டா?" என்று கேட்டவர். எழுதத் தெரியும் என்று என் பேரை அவர் நோட்டிலேயே எழுதிக் காட்டினேன். அதற்கும் சிரித்தார்.

கம்பி ஒடியக் கூடாது என்றுதான் அதைச் செய்தேன். கம்பியைப் பாதியில் வளைத்து, செட்டின் முதுகோடு சேர்த்து, காய்ந்த வாழை நாரால் சுற்றிக் கட்டினேன். நாத்துக்கட்டு மாதிரி அழகாகக் கட்டியிருந்தேன். சாயங்காலம் ஆபீசுக்குப் போகிற வழியில் நாரை அவிழ்த்து, கம்பியை நீவி நேராக்கிவிட்டுக் கொடுப்பேன். இரண்டு மாசம் அப்படித்தான் நடந்தது. ஆபீஸ் கண்ணுக்குத் தெரிகிற காடுகளில் வேலை நடந்ததால் கூப்பிட்டால் கேட்டது. கட்டி வைத்தாலும் கேட்கிறதே, இந்த ரைட்டர் என்னத்துக்கு இந்தக் கம்பிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறார் என்று உன் அப்பாவிடம்கூடச் சொன்னேன். "உனக்கு அவரக் கண்டா ஆகாது புள்ள. கம்பிய அவுத்து உடு, எதுக்கு வம்பு" என்றார் அவர். நான் கேட்கவில்லை.

மேட்டுக்கு அந்தப் பக்கம் மிளகு எடுக்கப் போன அன்று மூடுபனியும் தூறலும். கம்பளியை மடித்துத் தலையோடு கொங்காடை போட்டிருந்தேன். செட் நனையக் கூடாது என்று அதற்குள் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தேன். கம்பளி நனைந்து கனத்துக் கிடந்தது. அப்பா ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று சில்வர் ஓக் மரத்தில் கொடி உருவிக்கொண்டிருந்தார். ஏணி வழுக்கியதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. கல்மேல் விலா பட விழுந்திருந்தார். ரத்தம் இல்லை, அதனால் முதலில் எனக்குப் பயம்கூட வரவில்லை. "கூப்புடு புள்ள, மூச்சு வர மாட்டேங்குது" என்றார். பித்தானை அமுக்கி, சொல்லிக் கொடுத்தபடி, "ஆபீஸ், ஆபீஸ், கேக்குதுங்களா?" என்றேன். கொர்ரென்று இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். "ஏனுங்க, இங்க மேஸ்திரி உழுந்துட்டாருங்க, ஜீப்பு வேணுமுங்க." இரைச்சல். எத்தனை தடவை என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் இதோ இப்போது பதில் வரும் என்று நின்றேன் பார், அதுதான் பாவம். ஓடியிருக்க வேண்டும். அந்தச் செட் கேட்காது என்று தெரிந்திருந்தால் அப்போதே ஓடியிருப்பேன். அது கையில் இருந்ததால் நின்றேன்.

கடைசியில் கூட இருந்த பெண்களிடம் அவரை விட்டுவிட்டு மேட்டில் ஏறினேன். உச்சிக்குப் போனதும் கொங்காடையை வீசிவிட்டுச் செட்டை எடுத்தபோதுதான் நார் கண்ணில் பட்டது. பல்லால் கடித்து அறுத்தேன். கம்பி நிமிர்ந்தது. "ஆபீஸ்" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னேன், "சொல்லும்மா, ஆபீஸ்தான்" என்று ரைட்டர் குரல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வந்தது. ஜீப் வந்தது. மலைப்பாதையில் பாதி வளைவுகூட இறங்கவில்லை, என் மடியிலேயே உன் அப்பா அடங்கிவிட்டார். முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாமே என்று சேலத்தில் டாக்டர் கேட்டார். நான் நாரைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தேன். யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் எஸ்டேட் துரை வந்து கேட்டார், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று. ரைட்டரும் பக்கத்தில் நின்றார். நான் துரையைப் பார்த்துச் சொன்னேன், "எத்தன தடவ கூப்புட்டனுங்க. ரைட்டர் தூங்கிட்டாருங்க." நினைத்துச் சொன்னதில்லை கண்ணு, வாயில் தயாராக இருந்தது மாதிரி வந்துவிட்டது. ரைட்டர், "நாங் கண்ண மூடலீங்க, செட்டு முன்னாடியேதானுங்க இருந்தேன்" என்றார். தாலி அறுத்தவள் பேச்சை விட்டுவிட்டு அவர் பேச்சை யார் கேட்பார்கள். அந்த மாசமே அவரை அனுப்பிவிட்டார்கள். லைன் முழுக்க அவரைத் தூங்குமூஞ்சி என்றது. நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிசமாகிவிட்டது. மேட்டில் ஏறியதால் கேட்டது, இல்லாவிட்டால் அவர் அப்போதுதான் விழித்திருப்பார் என்று மனசுக்குள் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டேன். அவர் பெண் கல்யாணப் பத்திரிகையைக்கூட வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

நீ பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, ரைட்டர் தூங்கியிருக்க மாட்டாரு. மேடு மறச்சிருக்கும். இல்லைன்னா ஆன்டெனாவுல ஏதோ கோளாறு." உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அப்பாவைப் பறிகொடுத்தவன் எதிராளிக்காகப் பேசுகிறானே என்று எனக்குக் கோபம் என நீ நினைத்தாய். அது பயம். நீ இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் என்னிடம் வந்து சேர்ந்திருப்பாய். நீ கேட்கவில்லை, அதற்குப் பதில் காலேஜில் போய் ஆன்டெனாவையே படிப்பாக எடுத்தாய். அப்பாவுக்காகக் கூப்பிட்டது கேட்காமல் போன மாதிரி இன்னொருவருக்குப் போகக் கூடாது என்று உன் வாத்தியாரிடம் சொன்னதாக எனக்குக் கடிதம் எழுதினாய். உன் வேலையே என் பொய்யின் மேல் நிற்கிறது என்று எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் உனக்குப் பொங்கலுக்குப் பணியாரம் சுட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்தேன்.

உன் செல்போனில் என் கையால் கோடு விழுந்ததைப் பார்த்த பிறகு மாற்றி அடுக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. மடித்த கம்பி, ஈரக் கம்பளி, என் உடம்பு. மூன்றையும் நானேதான் சேர்த்து வைத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை வெள்ளக்கடை ஊருக்குப் போய் ரைட்டரைப் பார்த்தேன். வாசலில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டு இருந்தார். காது மந்தமாகிவிட்டது. மெதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று போனவள் நான்.

"அன்னைக்கு நீங்க தூங்கலீங்க" என்றேன்.

"ஆருங்க? என்னங்க?"

"நீங்க தூங்கலீங்க. கம்பிய நாந்தானுங்க மடிச்சுக் கட்டியிருந்தேன்."

"கம்பி வேலியா? அது ஆறுமாசம் ஆச்சுங்க போட்டு."

மூன்றாம் முறை கத்தினேன். தெருவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குக் கேட்டுவிட்டது. கையிலிருந்த பலாக்கொட்டையைத் தட்டில் வைத்தார். கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். "மொதல்ல நானும் தூங்கலைன்னுதானுங்க சொன்னேன்" என்றார். "அத்தன பேரு சொல்லச் சொல்ல, ஒரு அசதியில கண்ணு சொருகியிருக்குமோன்னு ஆயிருச்சுங்க. நாம தூங்குனதுல ஒரு உசுரு போச்சேன்னு நெனச்சு நெனச்சு, அதுக்கப்புறம் பகல்ல கண்ண மூடுனதே இல்லீங்க." அவர் பேசும்போதே அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "எந்திரிச்சுப் போயிருங்க. நீங்களா போனா மரியாத" என்றார். வந்துவிட்டேன். அந்த அம்மாமேல் எனக்கு வருத்தம் இல்லை. என் வாழ்க்கையில் நான் வருத்தம் வைக்காத ஒரே ஆள் அவர்தான்.

என் பயம் இதுதான் சாமி. ஒரு பேச்சு போய்ச் சேராவிட்டால் அது போகவில்லை என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் இருப்பவர், அவன் எடுக்கவில்லை என்பார். அந்தப் பக்கம் இருப்பவர், கூப்பிடவே இல்லையே என்பார். நடுவில் தகடு மடித்தவனை ஒருவரும் கேட்கப் போவதில்லை. பிரசவ வலியில் ஒருத்தி முழுக்கையால் இறுக்கிப் பிடித்துக் கூப்பிடுவாள். பயந்தவர்கள் நுனிவிரலால் எதையும் பிடிப்பதில்லை. உன் அப்பா விழுந்தபோது என்னிடம் கீழாகப் பிடி என்று சொல்ல யாரும் இல்லை. அந்தப் பிரசவக்காரிக்குப் பதில் வராது; அவள் புருசன் தூங்கிவிட்டான் என்று அந்த வீடு பேசும்; அவனும் நம்பிவிடுவான். நான் கட்டிய நார் ஒன்று. நீ போய்ச் சரி வாங்கிக்கொண்டு வந்தால் லட்சம் நார். நான் தெரியாமல் கட்டினேன். உனக்கு என் கையிலேயே காட்டிவிட்டேன், இனி நீ தெரியாமல் செய்ததாக ஆகாது. 

எட்டு மாசம் என்றாய். உன் கூடப் படித்தவன் உன்னை முந்திவிடுவான், மேலதிகாரி முகம் சுளிப்பார், எல்லாம் எனக்குப் புரிகிறது. தகட்டை எங்கே நகர்த்துவது, எப்படி மடிப்பது என்பதெல்லாம் உன் படிப்பு. அதில் நான் வாய் வைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் தலைக்கு ஒரு கை செய்து வை. அதுவரை கையெழுத்துப் போடாதே. அப்பாவைக் கொன்றவள் பேச்சைக் கேட்பதா என்று உனக்குத் தோன்றலாம். அந்த வார்த்தையை நீ எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிட்டேன், பார். இதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தால், பேத்தியைக் கண்ணில் காட்டாமல் இருந்தால், அது உன் நியாயம். நானாக இருந்தால் சாகிற வரைக்கும் பேச மாட்டேன். நீ என் வயிற்றுப் பிள்ளை, அதனால்தான் எனக்கு இவ்வளவு பயம்.

பதில் எழுதுவாயோ மாட்டாயோ என்று காத்திருக்கிற தைரியம் எனக்கு இல்லை. வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். லைனிலிருந்து இரண்டு பேரைக் கூட்டி வருகிறேன். ஒருத்தி முழங்கை வரைக்கும் வளையல் போடுகிறவள், இன்னொருத்திக்கு உள்ளங்கை காய்த்துக் கட்டையாகக் கிடக்கிறது. எதற்கு என்று சொன்னதும், "நாங்க புடிச்சா அது பேசுதான்னு பாக்கறதுக்கா? வாறமுங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் உன் வாசலில் இருப்போம். கதவைத் திறக்க உனக்கு மனம் வராவிட்டால் ஜன்னல் வழியாக அந்தச் செல்போனை மட்டும் நீட்டு. ஒவ்வொருவராகப் பிடித்துக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிடுகிறோம்.

அம்மா